உறையின் மேல் முகவரி

தலைமையாசிரியனாகிய எனக்குப் பெற்றோர் சிலர் ஒட்டிய உறையில் மடல் அனுப்புவதுண்டு. வீட்டின் வறுமையோ பிள்ளையின் நோயோ அதில் எழுதப்பட்டிருக்கும். அவை குற்றங்கள் அல்ல. ஆயினும் ஊரார் கண்ணுக்கு உரியனவும் அல்ல. "ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு மறைவு எதற்கு?" என்று வினவுவோர்க்கு அவ்வுறைகளே விடை.

எனினும், உறை தன் உள்ளிருப்பதை மறைக்குமேயன்றி, யார் யாருக்கு எழுதினார் என்பதை மறைக்காது. இணையத்திலும் இதே நிலைதான். செய்தியை மறைகுறியாக மாற்றினாலும் முகவரிகள் வழியில் தெரிந்துவிடும். இக்குறையை நீக்க எழுந்த முறைகளுள் இரண்டினை ஒப்புநோக்குவோம்.

முதலாவது, வெங்காய வழிமுறை. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தோன்றிய இக்கருத்து, 2002இல் டோர் என்னும் வலையமைப்பாக வடிவம் பெற்றது. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக மூடப்பட்ட செய்தி, மூன்று இடைக்கணினிகளின் வழியே செல்லும். ஒவ்வொன்றும் ஓர் அடுக்கை மட்டுமே நீக்கும். முதற்கணினி அனுப்பியவரை அறியும், சேருமிடத்தை அறியாது. இறுதிக்கணினி சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது.

இரண்டாவது, தலைமைக் கணினி என ஒன்றின்றி, சேர்ந்தவை யாவும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் வலையமைப்பு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயன் கிளார்க் 1999இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து பிறந்த ஃபிரீநெட் இவ்வகையினது. 2023 முதல் அதன் பெயர் ஹைபனெட். இதில் சேர்பவர் ஒவ்வொருவரும் தம் கணினியில் இடம் ஒதுக்கி, பிறருடைய மறைகுறித் துண்டுகளைக் காத்து வைப்பர். திறவுகோல் தம்மிடம் இல்லாமையால் தாம் காப்பது எதுவெனத் தாமே அறியார். வெளியிட்டவர் விலகிச் சென்றாலும் ஆவணம் நிற்கும். ஆனால், நெடுநாள் எவரும் கேளாதது மெல்ல மறையும்.

டோர் பொது இணையத்தை எட்டும். அதன் விரைவும் மிகுதி. ஆயின், பல இலட்சம் பேரின் சுமையைச் சில ஆயிரம் தன்னார்வக் கணினிகளே தாங்குகின்றன. இரு முனைகளையும் ஒருசேரக் கண்காணிக்க வல்லவர்முன் அது தோற்கவும் கூடும். ஹைபனெட்டில் சுமை அனைவர்க்கும் பொது. ஆனால் நடை மந்தம், எட்டும் உலகமும் சிறிது.

இரண்டிலும் தீயோர் நுழைவதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அடக்குமுறைக்கு அஞ்சி வாழ்வோர்க்கு இவை அரணாகவும் நிற்கின்றன. மாணவர்க்கு இவற்றிலிருந்து நாம் உணர்த்த வேண்டியது ஒன்றுண்டு. தனியொருவன் மட்டும் முகமூடி அணிந்தால் அவனே முதலில் அடையாளம் காணப்படுவான். பலரோடு சேரும்போதுதான் மறைவு பிறக்கிறது. தனிமை என்பதும், முகமறியாத பலர் நமக்காகத் தாங்கும் பொதுச்சுமையே அன்றோ?