தெற்கே ஒரு நடை – 6: ஓடுதளம் கடக்கும் உடைவாள்

சென்ற வாரம் பத்மநாபபுரம் அரண்மனையில் நிறுத்தியிருந்தேன். நவராத்திரிக்குச் சாமிகள் புறப்படும்போது அங்கே உடைவாள் அமைச்சர், அதிகாரிகள் கையில் மாறுகிறது. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி ஆராட்டுக்கு, அதாவது சாமியைக் கடலில் நீராட்டும் விழாவுக்கு, திருவனந்தபுரம் வந்தால் வாளைப் பிடித்து நடப்பவர் திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவரேதான்.

மேற்குக் கோட்டை வாசலில் மாலை மூன்று மணிக்கே நிற்க இடமில்லை. பக்கத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர். "மகாராஜா எப்போ வருவாரு அண்ணாச்சி?" என்றேன். "அவரு முன்னால வருவாரு, பெருமாள் பின்னால வருவாரு. வாள் பிடிச்சாலும் அவரு பெருமாளுக்கு வேலைக்காரர்லா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் 270 ஆண்டுக் கதை இருக்கிறது. 1750இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தன்னைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். 1949இல் நாடு போயிற்று. 1971இல் மன்னர் மானியமும் போயிற்று. அடிமைப் பட்டத்தை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை.

பச்சைத் தொப்பியும் வேட்டியுமாக மூலம் திருநாள் ராம வர்மா வந்தார். கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் தங்கை மகன். பெண்வழியாக வாரிசுரிமை வரும் மருமக்கத்தாயக் குடும்பம் என்பதால் மன்னருக்குப் பின் தம்பி உத்திராடம் திருநாள், 2013இல் அவர் மறைந்தபின் இவர். கூட்டம் கைகூப்பியது அவரைக் கண்டா, பின்னால் கருட வாகனத்தில் வந்த சாமியைக் கண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஊர்வலம் விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அதற்காக ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஐந்து மணி நேரம் போல விமானங்கள் நிற்கின்றன. நிலையம் தனியார் நிர்வாகத்துக்குப் போன பிறகும் இது மாறவில்லை. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். நான் வேறு சாலையில் கடற்கரைக்குப் போய்க் காத்திருந்தேன்.

காத்திருந்தபோது இந்தக் கோயிலின் வழக்கு நினைவுக்கு வந்தது. மன்னர் போனபின் வாரிசுக்குக் கோயிலில் உரிமை இல்லை என்று 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு கோயிலின் நிலவறை ஒன்றில் பெரும் பொற்குவியல் வெளிப்பட, உலகமே இந்த வழக்கைத் திரும்பிப் பார்த்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது: இறைவனின் சொத்தைப் பேணும் உரிமை குடும்பத்துக்குத் தொடர்கிறது; நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான ஐவர் குழு பார்க்கும். அந்த ஐவரில் குடும்பம் நியமிப்பவர் ஒருவர்தான்.

இந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன். அவ்வளவு செல்வத்துக்கு ஊர் பார்க்கும்படியான கணக்கு வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சாமிக்கு முன் நடந்தவர்களுக்கு அந்த இடமும் வேண்டும். இந்தியாவில் எத்தனையோ அரண்மனைகள் ஹோட்டல்களாகிவிட்டன. இங்கே ஒரு வாரிசு வேலையில் இருக்கிறார். சம்பளமில்லாத, விடுப்பில்லாத வேலை.

சங்குமுகத்தில் இருட்டும் நேரத்தில் விக்கிரகங்களைக் கடலில் நீராட்டினார்கள். வந்த வழியே தீப்பந்தங்களுடன் கோயிலுக்குத் திரும்பினார்கள்.

பட்டம் பெண்வழியாக வரும் வீடு இந்த அரச குடும்பம். அந்த வீட்டு ராணிகளின் ஊர் ஆற்றிங்கல். பேருந்தில் அங்கேதான் போகிறேன்.

(தொடரும்)