சிறு வட்டம்

பள்ளிக்கு வரும் குழந்தை வெறுங்கையுடன் வருவதில்லை. வீட்டிலும் தெருவிலும் ஐந்தாண்டுகள் கேட்டுப் பழகிய மொழியைச் செல்வமாகக் கொண்டு வருகின்றது. பசித்தபொழுது சோறு கேட்கவும், பாட்டி சொன்ன கதையைத் திருப்பிச் சொல்லவும், தம்பியோடு வழக்காடவும் அதற்குத் தெரியும். தான் பேசும் அச்சொற்கள் ஏட்டில் என்ன உருக்கொண்டு நிற்கின்றன என்பது ஒன்றே அதற்குத் தெரியாது. தெரிந்த ஒலியைத் தெரியாத வடிவோடு இணைப்பதே முதற்படிப்பு ஆகும். அவ்விணைப்பு ஒவ்வொரு குழந்தையின் உள்ளத்திலும் தனித்தனியே நிகழ்தல் வேண்டும். ஒருவர்க்காக மற்றொருவர் உண்ண இயலாதவாறு போல, ஒருவர்க்காக மற்றொருவர் படித்தலும் இயலாது.

ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். மாணவர் நாற்பதின்மர். ஆசிரியர் ஒரு வரியைப் படிக்கின்றார். நாற்பது குரலும் ஒருங்கே எழுந்து அவ்வரியைத் திருப்பிக் கூறுகின்றன. தெருவிற் செல்வோர் அவ்வொலியைக் கேட்டு, “பிள்ளைகள் நன்றாகப் படிக்கின்றார்கள்” என்று மகிழ்ந்து செல்கின்றனர். பின் வரிசையில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கின்றான். அவன் குரலும் மற்றக் குரல்களோடு பிசகாமல் ஒலிக்கின்றது. ஆயின், வகுப்பு ஓதுவது ஆறாம் பாடம். அவன் மடிமேல் விரிந்திருப்பதோ நான்காம் பாடம். அவன் எவரையும் ஏமாற்ற எண்ணியவன் அல்லன். செவி கேட்டதை வாய் சொல்லிற்று. கண்ணுக்கு அங்கு வேலையே இல்லை.

ஒருநாள் ஆசிரியர் அவனைத் தம் அருகில் அழைத்து, அட்டை ஒன்றைக் காட்டி, “தம்பி, இது என்ன எழுத்து?” என்று வினவினார். அட்டையில் இருந்தது ஊகாரம். சிறுவன் விரல்களை மடக்கி, “அ, ஆ, இ, ஈ, உ, ஊ” என்று முதலிலிருந்து எண்ணிவந்து, “ஊ” என்றான். விடை சரியே. அடுத்து ஒகாரத்தைக் காட்டினார். மீண்டும் அகரத்திலிருந்து தொடங்கி, இடையிலே எண்ணிக்கை தவறி, “ஐ” என்று கூறிவிட்டுத் தலை கவிழ்ந்தான். அவன் எழுத்தை அறிந்திலன். எழுத்தின் வரிசையையே அறிந்திருந்தான். அதனை அறிய ஆசிரியர்க்கு ஒரு நிமிடமே தேவைப்பட்டது. ஆயினும் அந்த ஒரு நிமிடம் அவனுக்குக் கிடைப்பதற்கு ஓராண்டு கழிந்துவிட்டது.

இது சிறு குறையன்று. முதல் வகுப்பில் எழுத்து அறியாதவன் மூன்றாம் வகுப்பில் கணக்கையும் அறியமாட்டான். கணக்கும் எழுத்தால் எழுதப்பட்டதன்றோ? ஐந்தாம் வகுப்பில் அவன் புத்தகத்தைக் கண்டே அஞ்சுவான். அறியாமையை மறைக்கச் சிரிப்பான், சிரித்ததற்காகத் தண்டிக்கப்படுவான். பிறர் அவனை ‘மந்தன்’ என்று அழைப்பர். நாளடைவில் அவனும் அதனை நம்புவான். பின்னர் ஒருநாள் பள்ளிக்கு வாராமலே நின்றுவிடுவான். கேட்பாரின்றிப் போன ஒரு குரலால் ஒரு வாழ்வே வழி மாறிவிடுகின்றது.

இக்குறை தீரும் வழி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. முற்காலத் திண்ணைப் பள்ளியில் பல நிலைப்பட்ட மாணவர் ஒருங்கே பயின்றனர். சிலர் மணலைப் பரப்பி விரலால் எழுத்து வரைவர். சிலர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவர். சிலர் எண்சுவடியை மனனம் செய்வர். சிறியோரின் பாடத்தைச் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் கேட்பான். அப்பள்ளிகளிற் கொடிய தண்டனைகள் இருந்தன. எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் அங்கு இடமில்லை. பெண்மக்கள் பயின்றது மிக அரிது. அக்குறைகளை மறைத்தல் ஆகாது. எனினும், ஒருவன் எழுதியதை மற்றொருவன் அருகிருந்து பார்த்துத் திருத்தும் நன்முறை அங்கு இருந்தது.

அம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு சுவை மிக்கது. ஸ்காட்லாந்து நாட்டினரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் பள்ளிக்குத் தலைவரானார். ஒருநாள் காலை, நாட்டுப் பள்ளி ஒன்றன் பக்கமாகச் செல்லும்பொழுது, சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுதலைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் நடத்துமாறு துணையாசிரியரைப் பணித்தார். அவர் அதற்கு இணங்கவில்லை. பெல் மனம் தளராமல், எட்டு வயதினனான ஒரு மாணவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். பெரியவர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். பெல் இங்கிலாந்து திரும்பி 1797இல் இதனைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் இது பல நாடுகளிற் பரவிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகின்றது.

ஆயினும் அம்முறை அங்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கி இதனை ஒத்த முறையைக் கையாண்டார். ஓர் ஆசிரியரைக் கொண்டே பல நூறு மாணவர்க்குக் கற்பிக்கலாம், செலவு மிகக் குறையும் என்பதே பலர் உள்ளத்தைக் கவர்ந்தது. பெருமண்டபத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றனர், கட்டளைக்கு ஏற்ப எழுந்தனர், அமர்ந்தனர், ஓதினர். குழுக்கள் இருந்தன, குழந்தையின் குரலைக் கூர்ந்து கேட்கும் ஆசான் மட்டும் எட்டத்தில் இருந்தார். 1846 முதல் இங்கிலாந்து பயிற்சி பெறும் இளம் ஆசிரியர்களை நாடிச் சென்றது. குழுவின் பயன் சிக்கனத்தில் இல்லை, செவி கொடுத்தலில் உள்ளது என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

இனி, நல்ல குழு எவ்வாறு நடைபெறும் என்பதைக் காண்போர் அதன் எளிமையை வியப்பர். ஆறு பிள்ளைகள் ஆசிரியரைச் சூழ்ந்து அரைவட்டமாக அமர்வர். ப, ட, ம் என்னும் மூன்று எழுத்துகளை மட்டும் முதலிற் கற்பர். அம்மூன்றும் சேர்ந்தவுடன் ‘படம்’ என்னும் சொல் பிறக்கும். மகரத்தை முதலில் வைப்பின் ‘மடம்’ ஆகும். பகரத்தின் பக்கத்தில் கால் ஒன்று சேரின் ‘பாடம்’ ஆகும். எழுத்து வரிசையை ஓதிக் களைத்த பிள்ளை, எழுத்தைக் கூட்டினால் பொருள் பிறக்கின்றது என்பதை அந்நொடியிற் கண்டு முகம் மலரும். ஒருவன் படிக்கும்பொழுது மற்றவர் தத்தம் ஏட்டில் விரலை ஓட்டிப் பின்தொடர்வர். அங்கு எந்தக் குரலும் பிற குரல்களுக்குள் ஒளிந்துகொள்ள இயலாது.

தமிழ் எழுத்திற் குழந்தை தடுக்கி நிற்கும் இடங்கள் சில உண்டு. ‘கெ’ என்பதிற் கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ ககரத்திற்குப் பின்னே வருகின்றது. ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இருபுறமும் நின்று ககரத்தை அணைத்துக்கொள்கின்றன. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே; ஒலி வேறு வேறு. லகர ளகர ழகரங்கள் நாவைக் குழப்புகின்றன. அருகில் அமர்ந்த ஆசிரியர் குழந்தையின் விரல் எங்கே நின்றது என்பதைக் காண்கின்றார். உடனே விடையைக் கூறிவிடாது சற்றே பொறுக்கின்றார். தங்கம் என்னும் சொல்லைப் பலகாற் கேட்டறிந்த குழந்தை, முதலிற் பிழைபடக் கூட்டினும், தானே திருத்திக்கொள்கின்றது. தானே திருத்திய பிழை மீண்டும் வருவது அரிது. அந்தச் சிறு பொறுமையே ஆசிரியர் அளிக்கும் பெருங்கொடை.

நாற்பது பிள்ளைகளை இவ்வாறு பிரித்தால் ஏழு குழுக்கள் ஆகும். குழுவிற்கு 15 நிமிடம் எனின் 105 நிமிடம் வேண்டும். ஒரே நாளில் முடியாதாயின் இரண்டு நாளிற் பகிர்ந்துகொள்ளலாம். ஏனையோர் அதுவரை வாளா இருத்தலாகாது. மணலில் எழுதுதல், அட்டைகளைச் சேர்த்துச் சொல்லாக்குதல், படம் பார்த்துக் கதை கூறுதல் முதலிய பணிகள் அவர்களுக்குக் காத்திருக்க வேண்டும். மற்றொன்றும் கருதற்குரியது. இன்று ஒரு குழுவில் இருப்பவன் என்றும் அதிலேயே இருத்தல் கூடாது. குழு, தங்கிச் செல்லும் சாவடியே அன்றிச் சிறைக்கூடம் அன்று.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் இவ்வுண்மையை மறந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளைக் கொண்டு குழந்தைகள் தத்தம் வேகத்திற்கேற்பப் பயிலும் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த பின்னர், 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் எழுந்தது. அதிற் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டனர். அரும்பு மலராகும் என்னும் நம்பிக்கை அப்பெயர்களிலேயே பொதிந்துள்ளது.

பின் வரிசைச் சிறுவன் இப்பொழுது சிறு வட்டத்தில் அமர்ந்திருக்கின்றான். மூன்று திங்கள் கடந்துவிட்டன. அவன் விரல் ஒரு சொல்லின்கீழ் நிற்கின்றது. ஐவர் காத்திருக்கின்றனர், எவரும் நகைக்கவில்லை, ஆசிரியரும் பேசவில்லை. “ப... பட்... பட்டம்!” என்கின்றான். அச்சொல்லை அவனுக்கு எவரும் ஓதித் தரவில்லை. அது அவன் தானே தேடிய செல்வம்.

எழுத்தறிந்த ஒவ்வொருவர் வீட்டிலும் எழுத்தறியும் நிலையில் ஒரு தம்பியோ தங்கையோ இருத்தல் கூடும். எட்டு வயதுச் சிறுவன் எழும்பூரில் செய்ததை உயர்நிலைப் பள்ளி மாணவர் செய்தல் அரிதாகுமோ? அதற்கு வேண்டுவன ஒரு புத்தகமும், நாளும் கால் மணி நேரமும், கேட்கும் செவியுமே ஆம்.