கடல் கடவாத தொண்டு

அயல்நாட்டில் தொண்டாற்ற விழையும் இளையோரை நாம் வாழ்த்துகிறோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் போதித்த ஹென்றி நூவன் அடிகளார், 1986-இல் கனடாவின் டேபிரேக் இல்லத்திற்குச் சென்றார். பேச இயலாத ஆதாம் என்னும் இளைஞரைக் காலைதோறும் குளிப்பாட்டி, உடுத்தி, உணவுண்ணத் துணைநிற்பதே அங்கு அவருக்குக் கிடைத்த பணி. அடிகளாரின் நூல்களும் புகழும் ஆதாமுக்குப் பொருட்டல்ல. அன்பு செய்யப்படத் தகுதி ஏதும் வேண்டியதில்லை என்பதை அவரிடமே அடிகளார் கற்றார்.

நம் காவிரிக்கரை ஊர்களிலும் ஆதாம்கள் உண்டு. திண்ணையோடு அவர்தம் உலகம் முடிந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியுரிமை அளித்துள்ளது. ஆயினும், கோயிலுக்குக்கூட அழைத்துவரத் தாய் தயங்குகிறாள். திருப்பலியில் பிள்ளை ஓசையிட்டால் நாம் திரும்பிப் பார்க்கிறோமே! சற்றே நகர்ந்தமர்ந்து அத்தாய்க்கு இடமளிப்பது, கடல் கடவாமலே நாம் ஆற்றக்கூடிய முதல் தொண்டு.