கழற்றிய வரிசை

திருச்சிராப்பள்ளியில் இயந்திரம் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928ஆம் ஆண்டு பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. அதுமுதல் பல தலைமுறையினர் அங்கே தொழில் கற்றுள்ளனர். உதகை மலை இரயிலின் நீராவிப் பொறிகளைச் செப்பனிடுவதும் அப்பணிமனையே. அங்கே ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என் தந்தையார். அவருடைய அம்பாசிடர் மகிழுந்து, திருவரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் நிற்கிறது.

ஒரு கோடையில், காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது அதன் வெப்பமானியின் முள் உச்சிக்கு ஏறியது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்படலம் படிந்திருந்தது. குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலந்துவிட்டதற்கு அது அடையாளம். எஞ்சினின் உடற்பகுதிக்கும் தலைப்பகுதிக்கும் இடையே 'ஹெட் கேஸ்கெட்' எனும் மெல்லிய தகடு உண்டு. எரிவளி, நீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதுவே. அத்தகடு பழுதுபட்டிருந்தது.

பழுது பார்க்குமிடம் ஒன்றில், வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கு உழைப்பதில் ஆதாயமில்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. தந்தையாரோ, "வீட்டிலேயே பிரிப்போம்மா" என்றார். அவருக்குக் கைநடுக்கம், ஸ்பேனர் பிடிக்க இயலாது. நாற்காலியில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல, தமிழாசிரியையான நான் பிரித்தேன்.

கோவையை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி.டி. நாயுடு, பொறியியலை எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைத் தாமே கழற்றிப் பூட்டி, அதன் இயக்கத்தை அறிந்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பூட்டுவதற்கு உரிய அறிவைக் கழற்றும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கொட்டகையில்தான் விளங்கியது. கைக்கும் எழுத்துக்கும் நம் பள்ளிகள் தனித்தனி அறை ஒதுக்கியது எதனாலோ!

எஞ்சின் ஆறிய பிறகு நீரை வடித்தோம். கார்புரேட்டரையும் புகைக்குழாயையும் விலக்கியதும் எட்டுத் தள்ளுகோல்கள் வெளிப்பட்டன. அட்டை ஒன்றில் எட்டுத் துளையிட்டு, எண்ணிட்டு, அவற்றை வரிசையாகச் செருகச் சொன்னார் தந்தையார். ஒவ்வொரு கோலும் தன் இடத்திலேயே தேய்ந்து பழகியது, இடம் மாறலாகாது. வார்ப்பிரும்பாலான தலைப்பகுதியைத் தூக்க என் மகனும் தோள் கொடுத்தான். அதன் அடிப்பரப்பைச் சுரண்டித் துடைத்து, எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, வளைவு உண்டா என்று பார்த்தோம். இல்லை. தந்தையார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

புதிய தகட்டின்மேல் தலைப்பகுதியை வைத்தபின், நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் அல்லாமல் சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். பாயை நடுவிலிருந்து நீவி விரிப்பது போன்றது இது. ஓரத்தை முதலில் இறுக்கினால் தகடு சீராகப் படியாது. இறுக்கத்தின் அளவைக் கையேடு சொன்னது. டார்க் ரெஞ்சு காட்டியது.

வால்வு இடைவெளிக்குத் தந்தையார் ஒரு கணக்கு வைத்திருந்தார். முதல் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. இலக்கணச் சூத்திரத்தில்கூட இத்தனைச் சுருக்கத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கெட்ட எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றி, மாலையில் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமி நிலைகொண்டது. தந்தையார் கண்களை மூடி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடி ஆறியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குவது முறை. மறுநாள் காலை அதற்காக நான் ஸ்பேனரை எடுத்தபோது, அதைப் பேரனிடம் கொடுக்கச் சொன்னார்.