வெந்நீரும் ஒரு சாளரமும்

காணிப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு விருந்தினர் பஞ்சம் ஒருநாளும் இல்லை. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், மாற்றல் உத்தரவின்படி சித்தூருக்கு வந்து, விசாலமான வீடு கிடைத்ததென்று ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இவ்வூரில் குடியேறினோம். வேலூரிலும் ஆற்காட்டிலும் உள்ள நம் சுற்றத்தாருக்கு வரசித்தி விநாயகர்மீது இத்துணைப் பக்தி உண்டென்பது அதன் பின்னரே தெரிய வந்தது. 1911இல் தனி மாவட்டம் அமையும்வரை சித்தூர், வடஆற்காட்டின் தலைநகராகவே இருந்தது. ஆகவே அவர்களுக்கு இது அயலூராகத் தோன்றுவதில்லை போலும்!

வீட்டில் குளியலறை ஒன்றே. மார்கழிப் பனியில், விடியற்காலைத் தரிசனத்துக்கு முன் எட்டுப் பேருக்கு வெந்நீர் போட்டுக் கொடுப்பது நம் இல்லத்தரசிக்குப் பெரும்பாடாயிற்று. ஸ்கூட்டர் நிறுத்தும் கார் ஷெட்டின் ஒரு மூலையைச் செங்கல் சுவரால் கூரைவரை தடுத்து, இன்னொரு குளியலறை ஆக்கினோம். ஐந்தடி நீளம், நான்கடி அகலம், எட்டடி உயரம். உச்சியில் ஒரு சிறு சாளரம். அதில் கேஸ் கீசர் பொருத்துவதென 2022 டிசம்பரில் முடிவாயிற்று.

பொருத்த வந்தவர் தெலுங்கர், நடுத்தர வயதினர். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கருவியை வெளிச்சுவரில் மாட்டித் தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே விடலாம் என்றார். குழாய்க்கும் துளையிடுவதற்கும் தொள்ளாயிரம் ரூபாய் கூடுதல் என்றார். மாதக்கடைசி, நாம் மறுத்தோம். கருவி உள்ளேயே ஏறியது. சிலிண்டர் ஷெட்டில் நின்றது. போகும்போது அவர், "கிட்டிகீ மூயவத்து சார்" என்று இருமுறை கூறினார். சன்னலை மூடாதீர்கள் என்பது பொருள். அந்த அளவு தெலுங்கு நமக்குத் தெரியும்.

ஆயினும் மூன்றாம் நாளே மூடினோம். குளிர்காற்று முதுகில் அடிக்கிறதென்று யாரோ முணுமுணுத்தார்கள். பழைய நாட்காட்டியின் அட்டையைச் சாளரத்தில் செருகிவிட்டோம்.

பொங்கல் விடுமுறைக்கு அக்காள் குடும்பம் வேலூரிலிருந்து வந்தது. அதிகாலையில் ஒருவர்பின் ஒருவராக மூவர் குளித்தனர். நான்காவதாகச் சென்றவன் அக்காளின் மகன், கல்லூரி மாணவன். தண்ணீர் விழும் ஓசை நிற்கவேயில்லை. தட்டினோம்; பதில் இல்லை. அத்தான் தோளால் மோதிப் பிளாஸ்டிக் கதவைப் பெயர்த்தார். பையன் தரையில் கிடந்தான். கருவியில் நீலச்சுடர் ஒன்றும் அறியாததுபோல் எரிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கிடத்தியதும் மூச்சு சீராயிற்று. சித்தூரில் ஒரு மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள். மாலையில் எழுந்து அமர்ந்து, "மாமா, தலை வலிக்குது" என்றான். அச்சொல்லைக் கேட்டு அக்காள் அழுததை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

மருத்துவர் முதலில் கேட்டது, "கீசர் உள்ளேயா, வெளியேயா?" என்பதே. வரலாற்றில் பி.ஏ. பயின்ற நமக்கு அதன் பின்னரே விஞ்ஞானம் விளங்கிற்று. ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழப் பதினைந்து கிலோ காற்று வேண்டும். நம் வீட்டுக் கருவி பத்து நிமிடத்தில் உட்கொள்வது சுமார் 160 கிராம் வாயு. அதற்கு வேண்டிய காற்று இரண்டு கனமீட்டர், அதாவது எழுபது கனஅடி. நம் குளியலறையோ மொத்தம் 160 கனஅடி! குமாஸ்தாவின் கூட்டல் கழித்தலே போதும். மூன்றாமவர் குளித்து முடிப்பதற்குள் அறையின் காற்றுக் கணக்கு பற்றில் விழுந்துவிட்டது. காற்றுப் போதாதபோது சுடர் கார்பன் மோனாக்சைடை உமிழ்கிறது. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது.

சிலிண்டர் கசிந்தால் மூக்கு அறியும். அதற்கென்றே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளை அதில் கலக்கிறார்கள். இந்த நஞ்சுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா 1902இல் பாரிசில் தம் படுக்கையறையில் மாண்டது இதனால்தான், புகைபோக்கி அடைபட்டிருந்தது. 2020 சனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், மூடிய விடுதியறையில் கேஸ் ஹீட்டர் வைத்து உறங்கிய கேரளத்தினர் எண்மர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். அச்செய்தியை அன்று நாளிதழில் படித்து வருந்தியவர்தாம் நாமும். நம் வீட்டுக் கார் ஷெட் நினைவுக்கு வரவில்லை. வாகனம் நிற்கும் இடத்தில் இன்னோர் இடரும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது, தரையோடு தவழ்வது. அமெரிக்காவில் கார் ஷெட்டுகளில் சுடர் தரையிலிருந்து 18 அங்குலமேனும் உயர்ந்திருக்க வேண்டுமென விதித்திருப்பது இதனாலேயே. அங்கே மக்களை அனுப்பியுள்ள அன்பர்கள் கவனிக்க.

இனிச் சொல்லக் கூசுவதைச் சொல்லவேண்டும். மருத்துவமனை வாயிலில் அத்தான், "இப்படி உள்ளே வைக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார். "பொருத்தியவன்தான்" என்றோம். சொல்லிவிட்டு வீடு வந்தோம்.

காணிப்பாக்கம் எத்தகைய ஊர் என்பதை வாசகர் அறிவர். வழக்குடையோர் கோயில் குளத்தில் முழுகி, கிணற்றிலே தோன்றிய பிள்ளையார் முன்நின்று சத்தியம் செய்யும் ஊர். பொய்ச்சத்தியம் செய்தவன் தப்புவதில்லை என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. நாம் குளத்தில் முழுகவுமில்லை, சத்தியம் செய்யவுமில்லை. ஆயினும் மறுநாள் அழைத்ததும் அந்த மனிதர் வந்தார். அண்ணாந்து சாளரத்தைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறி அட்டையை உருவினார். அதன் மறுபுறத்தில் விநாயகர் படம் இருக்கக் கண்டு, தோள்துண்டால் தூசி துடைத்து நம் கையில் கொடுத்தார்.

அன்று மாலை அத்தானிடம் உண்மையைக் கூறினோம். தொள்ளாயிரம் ரூபாயையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்குப் போன் போடு, நான் பேசணும்" என்றார். தமிழும் தெலுங்குமாக அவ்விருவரும் என்ன பேசினர் என்பதை நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கருவி வெளிச்சுவரில், திறந்த வெளியில் இருக்கிறது. சாளரத்துக் கண்ணாடியை அறவே எடுத்துவிட்டோம். கொசுவலை மட்டும் உண்டு. அதன் பிறகும் பையன் பொங்கலுக்கு வந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டு வாசலில் நின்று, "மாமா, ஜன்னல் தொறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனான்.