மன்னார்க் கரையில் ஒரு பிரெஞ்சுக் கடிதம்

மன்னாருக்குப் போகிறவர்கள் கோயில் கும்பிடப் போவார்கள். அல்லது நல்ல கருவாடு வாங்கிவரப் போவார்கள். நானோ ஒரு கடிதத்தை வாசித்துக் கொடுப்பதற்காகப் போனேன். கொழும்பில் படித்த காலத்தில் கற்ற பிரெஞ்சு மொழி இத்தனை ஆண்டுகளுக்குப் பின் என்னை ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையிற் கொண்டுபோய் இருத்தும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

பெருநிலத்தை விட்டுத் தாம்போதி வழியே தீவினுள் நுழையும்போது, இருபுறமும் ஆழமற்ற கடல் கண்ணாடித் தகடுபோற் கிடக்கின்றது. பாலத்தைத் தாண்டியதும் 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. நகரத் தெருக்களில் யாருக்கும் சொந்தமில்லாதவைபோல் உலாவும் கழுதைகள். பள்ளிமுனையில், அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என்று சொல்லப்படும் பெருக்கமரம், யானைகள் பல சேர்ந்து நிற்பதுபோல் அடி பருத்து நிற்கின்றது. வேற்று நாட்டார் வந்து விலை பேசிச் சென்ற துறை இது என்பதற்கு அந்த ஒரு மரமே போதிய சாட்சி எனலாம்.

பேசாலையில் நான் சென்ற வீட்டுக்காரர் நான்கு படகுகளுக்குச் சம்மாட்டியார். அவர் பிடிப்பிக்கும் நீலக்கால் நண்டு, பனிக்கட்டி இட்ட ரெஜிபோம் பெட்டிகளிற் கொழும்பு சென்று, அங்கிருந்து பாரிசு வரை போகின்றது. நண்டைத் தரம்பிரித்துக் கட்டுவதற்கு வீட்டின் பின்புறக் கொட்டிலில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கின்றனர். அவர்களுட் பலர் விதவைகள்.

சம்மாட்டியார் கோபத்திற் சிவந்திருந்தார்.

"மாஸ்டர், நாற்பது வருஷமாய்க் கடலை நம்பிப் பிழைக்கிறவன் நான். தண்ணி கலந்தவன் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறான் பாருங்கோ! இனி அவனுக்கு ஒரு நண்டும் இல்லை."

அவருடைய மகள் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து தந்தாள். ஒன்று பாரிசு வணிகர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதம்; மற்றது யாரோ ஒருவர் அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திற் பெயர்த்து எழுதிய தாள். அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் இப்படி இருக்கும்: "எங்கள் சந்தை ஒரு நண்டுக் கூடை. இவ்வாண்டு நாங்கள் கண்பார்வையில் ஓட்டுகிறோம். இருவரும் தம் தம் வைனில் தண்ணீர் ஊற்றினால் காரியம் முடியும். கரடியைக் கொல்லுமுன் அதன் தோலை விற்க வேண்டாம்."

கொட்டில் மூலையில் புதிய பனையோலைக் கூடைகள் அடுக்கியிருந்தன. நண்டைப் பெட்டியில் அன்று, கூடையில் அனுப்பும்படி கேட்கிறான் என்று எண்ணி, கோபம் வருவதற்கு முன்னரே அவற்றை வாங்கி வைத்திருந்தார் சம்மாட்டியார்! தண்ணீர் என்றதும், பனிக்கட்டி நீரால் நிறையைக் கூட்டி ஏமாற்றினோம் எனப் பழி சுமத்துகிறான் என்று முடிவு செய்துவிட்டார். கரடி எதற்கு வந்தது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

பிரெஞ்சுக் கடிதத்தை இருமுறை வாசித்தேன். அதில் ஓர் அவதூறும் இல்லை. ஒரு கூடையில் இட்ட நண்டுகள் ஒன்றையொன்று கிள்ளி இழுப்பதுபோல், ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்க்கும் கூட்டத்தைப் பிரெஞ்சுக்காரர் 'நண்டுக் கூடை' என்பர். தன் ஊர்ச் சந்தையின் போட்டியைத்தான் அந்த மனிதர் சொல்லி வருந்தியிருக்கிறார். வைனில் நீர் வார்ப்பது கலப்படம் அன்று. பிடிவாதத்தைத் தளர்த்தி, ஆளுக்கொரு படி இறங்கி வருவது. சம்மாட்டியார் ஒரு விலை சொன்னார். அவர் ஒரு விலை சொன்னார். நடுவில் சந்திப்போம் என்கிறார். கரடிக் கதைக்கும் காரணம் இருந்தது. வரப்போகும் பருவத்து நண்டுக்கு முற்பணம் தரும்படி சம்மாட்டியார் கேட்டிருந்தாராம். பிடிபடாத நண்டுக்கு இப்போதே கணக்குப் போட வேண்டாம் என்பதே பதில். பிள்ளை பெறுமுன் பெயர் வைக்காதே என்று நம்மவர் சொல்வதும், பொரிக்குமுன் கோழிக்குஞ்சை எண்ணாதே என்று ஆங்கிலேயர் சொல்வதும் இதுவேயன்றோ?

ஒரு வாசகத்துக்கு மட்டும் என் உதவி வேண்டியிருக்கவில்லை. 'கண்பார்வையில் ஓட்டுதல்' என்றால், நீண்ட திட்டம் வகுக்க முடியாமல் அன்றன்றைய நிலைமையைப் பார்த்து நடத்தல். நான் வாய் திறக்குமுன் சம்மாட்டியாரே சொன்னார்: "மப்பு நாளில் நாங்களும் கரை தெரியத் தெரியத்தானே ஓடுகிறோம், மாஸ்டர். அவனுக்கும் காலம் சரியில்லைப் போல."

அவர் குரலில் முதன்முறையாகச் சிறிது இரக்கம் தெரிந்தது. வணிகத்தை முறித்து எழுதி வைத்திருந்த பதிற்கடிதம் மேசைமேல் இருந்தது. அதை நாளை பார்ப்போம் என்றேன்.

மறுநாட் காலை, சிலாவத்துறைக்கு ஒரு வேலையாகப் புறப்பட்டவர் என்னையும் அழைத்துச் சென்றார். வழியில் அரிப்பில் இறங்கினோம். கடலரித்த மேட்டின் விளிம்பில் ஒரு மாளிகையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகை அது. எதிரே தெரியும் கடலின் அடியிற் கிடக்கும் பார்களில்தான் ஒருகாலத்தில் உலகறிந்த முத்து விளைந்தது.

முத்து வணிகமும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பொறிக்கிடங்கே. நம் கடலோடிகள் 'பார்' என்பதை ஆங்கிலேயர் 'பாங்க்' என்று எழுதினர். அவசரக்காரர் ஒருவர் அதைத் திரும்பத் தமிழாக்கினால் 'முத்து வங்கி' என்பார்! மிகச் சிறந்த முத்தை நாம் 'ஆணிமுத்து' என்கிறோம். பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் ஆணியின் நினைவு அச்சொல்லில் உண்டு. அகராதியை மட்டும் நம்புகிறவர் அதைச் சுவரில் அடிக்கும் ஆணியாக்கிவிடுவார். அக்கால ஆங்கில அறிக்கையாளர் அறிவுடன் அதனை 'ஆணி' என்றே விட்டுவைத்தனர். கோணல்மாணலான முத்துக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயரே பிரெஞ்சு மொழியிற் புகுந்து, 'பரோக்' என்னும் கலைப்பாணிக்குப் பெயராயிற்று என்பர். நாம் நாள்தோறும் சொல்லும் 'ஏலம்' என்பதும் போர்த்துக்கேயர் தந்ததே.

அந்த ஏலம் இக்கரையில் எப்படி நடந்தது தெரியுமா? அள்ளிய சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளியாளிகளுக்கு. எஞ்சியதை அரசினர் ஆயிரம் ஆயிரமாக மாலையில் ஏலம் கூறினர். சிப்பி திறக்கப்படுமுன்னரே விலை. உள்ளே முத்து உண்டோ, வெறும் சதையோ, வாங்கினவன் தலைவிதி! வணிகர் தமக்குள் முத்தை விற்கும்போதோ துணிக்கடியிற் கைகோத்து, விரலைத் தொட்டே விலை பேசினர். பல மொழிக்காரர் கூடிய அச்சந்தையில் பிழையின்றிப் பெயர்க்கப்பட்ட மொழி அந்த விரல்மொழி ஒன்றே போலும்.

1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசினருக்கு 25 லட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். அதைக் கண்டு மயங்கிய ஆங்கிலக் கும்பனி ஒன்று, 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் பார்களிற் குளிக்கத்தக்க சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கும்பனி முடிந்தது.

இதைச் சொன்னபோது சம்மாட்டியார் இடிந்த சுவரில் சாய்ந்தபடி நெடுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு, "அப்போ அந்தக் கரடி இங்கேதான் கிடந்திருக்கு" என்றார்.

இன்னொரு செய்தியும் அங்கே எனக்கு நினைவுக்கு வந்தது. மணியின் ஒளியை நாம் 'நீரோட்டம்' என்கிறோம், பிரெஞ்சுக்காரரும் 'நீர்' என்றே சொல்வர், ஆங்கிலேயரும் அவ்வாறே. இங்கே சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் பழுதில்லை. வைனில் வார்த்த நீர் பேசாலையிற் பழியாயிற்று. முத்தில் ஓடும் நீர் மூன்று மொழியிலும் புகழாயிற்று. ஆகவே, மாணவர்களே, அயல்மொழி வாசகம் ஒன்று கைக்கு வந்தால், இச்சொல்லுக்கு நம் சொல் என்ன என்று மட்டும் கேளாதீர்கள். இந்த மனிதர், இந்த வேளையில், நம் ஊரிற் பிறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். விடை சில வேளை அதே உருவகமாக இருக்கும்; சில வேளை முற்றும் வேறாக இருக்கும்; சில வேளை உருவகமே இல்லாத எளிய பேச்சாக இருக்கும்.

அன்று மாலை மூவரும் பதில் எழுதினோம். சம்மாட்டியார் தமிழிற் சொன்னார். மகள் ஆங்கிலத்திற் குறித்தாள். நான் பிரெஞ்சில் அமைத்தேன். தாம் கேட்ட விலையிற் சிறிது குறைத்தார். முற்பணத்தைக் கைவிட்டார். ஆனால் பெட்டி வந்து சேர்ந்த கிழமைக்குள் பணம் வரவேண்டும் என்பதை மட்டும் உறுதியாகக் கேட்டார். "கொட்டிலில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சம்பளம் குடுக்கவேணும். அதில் தண்ணி ஊற்ற ஏலாது என்று எழுதுங்கோ" என்றார். அப்படியே எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மாற்றமே தேவைப்படவில்லை.

முடிவில் மகள் கேட்டாள்: "அப்பா, பருவத்து நண்டைப்பற்றி என்ன எழுதுகிறது? பிடித்தபிறகு பேசுவோம் என்று எழுதட்டுமா?"

சம்மாட்டியார் சிரித்தார். "வேண்டாம் பிள்ளை. கரடியையே போடு. அவனுக்கு அதுதான் விளங்கும்."