உக்காத வாங்கு

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி, நான் அறிய நாலு விதமான இருக்கைகள் இருந்திருக்கின்றன. முதலாவது வேப்பம்பலகை வாங்கு. நான் பிறக்க முதலே வந்தது, கால் உக்கினால் காலை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அது போன பிறகு அன்பளிப்பாக ஒரு கொங்கிறீற் வாங்கு வந்தது. கொடுத்தவரின் பெயர் சாய்ந்தால் முதுகில் குத்துமளவுக்குப் புடைப்பாக இருக்கும். பகல் முழுக்க வாங்கின வெயிலை இரவு எட்டு மணி வரைக்கும் திருப்பித் தந்துகொண்டிருக்கும். உப்புக்காற்றில் உள்ளே இருந்த கம்பி கறள் பிடித்து வீங்கி, கடைசியில் கொங்கிறீற்றையே வெடிக்கப்பண்ணியது. பிறகு பிளாஸ்ரிக் கதிரைகள். சோளகக் காற்றுக்கு அவை தாங்களாகவே வீதிக்குப் போய்விடும். கடைசியாக மலிவான பலகையில் ஒன்று அடித்தார்கள். மூன்றாவது மாரியோடு அது உக்கி, ஒரு பின்னேரம் நடுவால் முறிந்து, பெரியவர் ஒருவர் விழுந்தார். இடுப்பெலும்பு.

அதற்குப் பிறகு வயசுபோன ஆக்கள் ஒவ்வொருத்தராக வாறதை விட்டிட்டினம். "ஒரு வாங்குதானே" என்று நினைக்கலாம். ஆனால் பேப்பர் பார்க்கிறதும், எந்த வள்ளம் இன்னும் கரைக்கு வரேல்லை எண்டு கேட்கிறதும், ஒரு நாளைக்கு ஒருக்காவாவது வீட்டுப் படலையைத் தாண்டுறதும் அவர்களுக்கு அந்த வாங்காலதான். (பெண்கள் அதில் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அது வேறு கட்டுரை.)

கனடாவில் இருக்கிற சித்தப்பா தன்ர தகப்பன், அதாவது என்ர அப்பப்பா, நினைவாக வாங்கு ஒன்று செய்து தாறன் எண்டார். ஒரு நிபந்தனை: பழைய பிளாஸ்ரிக்கை உருக்கிச் செய்கிற பலகையில் செய்யவேணும். "இஞ்ச பார்க்குகளில, வீட்டுப் பின்வளவு மேடைகளில எல்லாம் உதுதான். கறையான் தின்னாது, உக்காது, பெயின்ற் தேவையில்லை."

நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்தது. பிளாஸ்ரிக்கைக் குறைக்கச் சொல்லிச் சிரமதானம் வைக்கிற நாங்களே பிளாஸ்ரிக்கில் வாங்கு போடுவதா என்பது ஒரு பக்கம். மரம் எங்கே இருக்கு என்பது மற்றப் பக்கம். யுத்த காலத்தில் பங்கருக்கு எத்தனை பனை போனது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இப்ப ஒரு பனை தறிக்கவும் அனுமதி எடுக்கவேணும். முதிரையும் தேக்கும் நிலையத்தின் கையிருப்புக்குக் கிட்டவும் வராது. "இது எங்கட மண்ணுக்குரிய சாமான் இல்லை" என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கு, கதிரை, மேசை, அலுமாரி: நாங்கள் இருக்கிற, சாய்கிற, பூட்டி வைக்கிற சாமான்களின் பெயர்களே போர்த்துக்கேயர் விட்டுப்போனவைதான்.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. கதிரையும் பிளாஸ்ரிக்தானே, அது இரண்டு வருட வெயிலில் வெளிறி, கால் பிளந்து போகிறதே, பலகை மட்டும் எப்படி நிற்கும்? தேடி வாசித்தபோது விளங்கியது, இரண்டும் ஒரே பொருள் இல்லை. கதிரை பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன், அதுவும் மெல்லிய தகடு. பலகை பெரும்பாலும் அடர்த்தி கூடிய பொலியெத்திலீன். ஷாம்பு, சலவைத் திரவப் போத்தல்களின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்குமே, அதுதான். (தண்ணீர்ப் போத்தலில் இருப்பது 1. அது வேறு இனம்.) கழுவி, நறுக்கி, உருக்கி, அச்சுக்குள்ளால் தள்ளிப் பலகையாக்குகிறார்கள். வெயில் மேற்தோலைத்தான் தின்னும். ஒன்றரை அங்குலத் தடிப்பில் தோல் போனால் பெரிய நட்டமில்லை. கரி கலந்த கறுப்புப் பலகை வெயிலை இன்னும் நல்லாகத் தாங்கும். ஆனால் மத்தியானம் அதில் ஆர் இருக்கிறது? நாங்கள் இளம் சாம்பல் நிறத்தை எடுத்தோம்.

விற்கிறவர்கள் வாயால் வராத விசயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பலகை பார்வைக்குத்தான் மரம். விறைப்பில் மரத்தின் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிய காரியம். இரண்டு காலுக்கு நடுவில் ஆறடிப் பலகையை வைத்து நாலு பேர் இருந்தால் முறியாது, வளையும். எழும்பின பிறகும் முழுதாக நிமிராது. சூட்டோடு பாரமும் சேர்ந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். மற்றது, வெயிலுக்கு நீளும். ஆறடிப் பலகை இரவுக் குளிருக்கும் பகல் சூட்டுக்கும் இடையில் 30 பாகை மாறினால் ஆறு மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டு சுருங்கும். மரம் அதே சூட்டுக்கு நீளவாக்கில் அரை மில்லிமீற்றர்கூட அசையாது. மரத்துக்கு அடிப்பது போல இறுக்கி அடித்தால் பலகை நெளியும், அல்லது ஆணியைப் பிடுங்கும். பக்கத்து ஊரில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் அப்படி நெளிந்துபோன வாங்கைப் போய்ப் பார்த்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் பிளாஸ்ரிக்கைத்தான் திட்டினார்கள்.

திட்டாதவர் எங்கட ஓடாவி அண்ணை மட்டும்தான். நாற்பது வருசமாக மரத்தோடும் வள்ளத்தோடும் மாரடிக்கிறவர். மாதிரிக்கு வந்த துண்டைக் கையில் எடுத்து வளைத்தார், நகத்தால் கீறினார், வெயிலில் ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டுத் திரும்ப வளைத்தார். பிறகு, "பிள்ளை, இதுக்கு நார் இல்லை. நீளப்பாட்டுக்குப் போட்டால் தொய்யும். குறுக்கப் போடுவம்" என்றார்.

அவ்வளவுதான் முழு விசயமும். ஒன்றரை அடி இடைவெளியில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு நீளக் கட்டுகளை மேசன் கட்டினார், உள்ளே கம்பி இல்லாமல். அதற்கு மேலே பலகையைத் துண்டு துண்டாக வெட்டி, ஏணிப் படி மாதிரிக் குறுக்கே அடுக்கினோம். ஒவ்வொரு துண்டும் தாங்க வேண்டியது ஒன்றரை அடியை மட்டும். நீண்டாலும் ஒன்றரை மில்லிமீற்றர்தான் நீளும். ஒரு முனையில் வட்டத் துளை, மற்ற முனையில் நீள்துளை, கறள் பிடிக்காத ஸ்குரூ, அதையும் முழுக்க இறுக்காமல். துண்டுகளுக்கு நடுவில் சின்னவிரல் போகிற இடைவெளி, மழைத்தண்ணி வடிய. சித்தப்பா அனுப்பின படங்களில் எல்லாம் பலகை நீளவாக்கில்தான் ஓடுகிறது, அடியில் கிட்டக் கிட்டத் தாங்கு வைத்து. இந்த உப்புக்காற்றில் அத்தனை இரும்புத் தாங்குக்கு ஆர் கறள் சுரண்டுவது?

வெட்டும்போதுதான் குழுவில் எதிர்த்தவர்களின் பயம் எனக்கும் விளங்கியது. மரத்தூள் விழுந்தால் மண்ணோடு போய்விடும். இது சுருள் சுருளாகப் பறக்கிற தூள், கடல் முப்பது அடி தூரத்தில். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது, கரையில் பனி கொட்டியது போலக் கிடந்த பிளாஸ்ரிக் மணிகளை எல்லாரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பலகையாகிற முதலும் இதே மாதிரிச் சாமான்தான். அதனால் வெட்டுகிற வேலையைக் கட்டடத்துக்குள்ளே, யன்னலைப் பூட்டி, தரப்பாள் விரித்துச் செய்தோம். தூள் ஒரு உரப்பையில் அரைவாசி வந்தது. அந்தப் பை இன்னும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது, எங்கே கொடுப்பதென்று இன்னும் முடிவில்லை. இன்னுமொன்று: பொலியெத்திலீன் எரியும், நல்லா எரியும். பக்கத்தில் சருகு கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தை நிற்பாட்டத்தான் பலகை வாங்கினதை விடக் கன கதை கதைக்க வேண்டியிருந்தது.

பெயர் பொறிக்கிற விசயத்தில் சித்தப்பாவோடு சின்னச் சண்டை. சாய்வே இல்லாத வாங்கில் எங்கே பொறிப்பது? கடைசியில் கட்டின் பக்கவாட்டில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் அப்பப்பாவின் பெயர் இருக்கிறது.

இப்ப நாலரைக்குப் பிறகு ஆக்கள் வருகிறார்கள். மத்தியானம் இன்னும் சுடும், துவாய் விரித்துத்தான் இருக்கவேணும். விழுந்த பெரியவர் பொல்லோடு வந்து, முதல் நாள் இருக்கவேயில்லை. பொல்லால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமைதான் இருந்தார்.

மிஞ்சின பலகையை ஓட்டுக்கூரை ஓரத்தில் உக்கிப்போன பலகைக்குப் பதிலாக அடிக்கலாம் என்று தலைவர் சொல்கிறார். அங்கே ஒருவரும் இருக்கப்போவதில்லை, பாரமில்லை, தொய்வுக்குப் பயமில்லை என்பது சரி. ஆனால் இருபது அடி ஓட்டத்தில் ஒவ்வொரு மூட்டிலும் நீள்வதற்கு இடைவெளி விடவேணும். பீலியை அதில் தொங்கவிட ஏலாது, மழைத்தண்ணியின் பாரத்துக்கு இழுபடும். வருசா வருசம் ஆண்டுவிழாவுக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் பொலியெத்திலீனில் ஒட்டாது, உரிந்து விழும். நீலம் இல்லாத நிலையமா என்று பழைய ஆக்கள் கேட்கிறார்கள். ஓடாவி அண்ணை அதுக்கு வேம்பே காணும் என்கிறார், கூரை ஓரத்துக்கு ஏணி வைத்து ஏறி மாற்ற ஒரு பொடியன் இருக்கும் வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.